எட்டடித் தொட்டியில் முதலில் விட வேண்டியது மீன் அல்ல

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவர் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, எட்டடி டேங்குக்கு ஆர்டர் கொடுத்துட்டேன். ரீஃப் டேங்க்தான். முதல்ல என்ன மீன் விடலாம், சொல்லுங்க." ரீஃப் டேங்க் என்றால் உயிருள்ள பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. கூடவே புது வீட்டு ஹாலின் படம். மரத்தரையில், ஜன்னலை ஒட்டி, தொட்டி வரப்போகும் இடத்தை நீல டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தார். மனதுக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. அன்று ராத்திரி ஒன்றரை மணி நேரம் போனில் பேசினேன். அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். டொராண்டோ பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது இதில் இறங்குகிறார்கள்.

என்னுடைய தொட்டியும் எட்டடி நீளம்தான். மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம். கிட்டத்தட்ட 1,700 லிட்டர். கண்ணாடி 19 மில்லிமீட்டர் கனம், அதுவே 350 கிலோ வரும். உப்புத் தண்ணீர் ஒன்றே முக்கால் டன். கல், மணல், இரும்பு ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 2,400 கிலோ. இந்தப் பாரம் முழுவதும் இருபத்து நான்கு சதுர அடியில் உட்காருகிறது, அதாவது சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல். வீட்டுத் தளத்தைச் சாதாரணமாகக் கணக்குப் போடுவது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்துக்குத்தான். இங்கேயும் அப்படித்தான், ஊரில் அபார்ட்மெண்ட் கட்டும்போதும் அப்படித்தான். அதனால் மண்மேல் நேராகப் போட்ட கான்கிரீட் தரையில், பேஸ்மெண்டில் வையுங்கள். மேலேதான் வைப்பேன் என்றால் கட்டட எஞ்சினியரைக் கூட்டிவந்து காட்டாமல் ஒரு வாளி தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். அந்தத் தம்பி அடுத்த நாளே டேப்பை உரித்துவிட்டார்.

சரி, தண்ணீருக்கு வருவோம். இந்தப் பதிவையே அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ரீஃப் டேங்க் வைப்பவர் மீன் வளர்ப்பவரும் இல்லை, பவளம் வளர்ப்பவரும் இல்லை. அவர் தண்ணீர் வளர்ப்பவர். பவளம் என்பது ஒரு உயிர். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அந்தப் பாசி சமைக்கும் சாப்பாட்டில்தான் பவளத்தின் பெரும்பங்குப் பிழைப்பு ஓடுகிறது. வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அப்படியே சில வாரம் நின்றால் போதும், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். பெருங்கடலிலேயே இந்த நிலை என்றால் நம் கண்ணாடிப் பெட்டியில் எவ்வளவு கவனம் வேண்டும்? உப்பு லிட்டருக்கு 35 கிராம், வெப்பம் 25 அல்லது 26 டிகிரி, கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் பக்கம், காரத்தன்மை எட்டு, ஒன்பது டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு). இந்த எண்களைப் பிடிப்பது பெரிய வித்தை இல்லை. ஏறாமல் இறங்காமல் அங்கேயே நிறுத்தி வைப்பதுதான் வேலை.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது. குளோராமின் இருக்கும், பாஸ்பேட் இருக்கும், சில வீடுகளில் செம்பும் இருக்கும். ஆர்ஓவில் வடித்து, அதற்கு மேல் அயனி நீக்கும் ரெசின் வழியாக விட்டு, கரைந்த உப்பை அளக்கும் மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் அது நமக்கான தண்ணீர். ஒரு நாளைக்கு 75 காலன் வடிக்கும் மெம்பிரேன் என்றால், சம்ப்பையும் (பெரிய தொட்டிக்குக் கீழே கருவிகள் வைக்கும் இன்னொரு தொட்டி) சேர்த்து 2,000 லிட்டர் நிரப்ப ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் முழுக்க பேஸ்மெண்டில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உப்பு மட்டும் எழுபது கிலோவுக்கு மேல் கலக்கினேன். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வடிக்க மூன்று, நான்கு லிட்டர் கழிவாக வெளியே போகும். அதைப் பிடித்து வாஷிங் மெஷினுக்கும் தோட்டத்துக்கும் விடுங்கள், தயவுசெய்து சாக்கடைக்கு விடாதீர்கள். தண்ணீர் பஞ்சம் பார்த்த ஊர்க்காரன் நான், அது எனக்குத் தாங்காது.

இன்னொன்று. சம்ப் வாங்கும்போது ஸ்கிம்மர் (தண்ணீரிலுள்ள அழுக்கை நுரையாக்கி எடுக்கும் கருவி) உட்காருகிறதா, ஹீட்டர் உட்காருகிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். கரண்ட் போனால் மேலேயிருந்து எவ்வளவு தண்ணீர் கீழே இறங்கும் என்று பார்ப்பவர்கள் குறைவு. எட்டடித் தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினாலே 57 லிட்டர். அது வந்து தங்க சம்ப்பில் காலி இடம் இருக்க வேண்டும். முதல் நாளே, உப்பு போடுவதற்கு முன்பே, வெறும் தண்ணீரோடு மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். நான் பதினைந்து தடவை அணைத்துப் பார்த்தேன். சம்ப்பிலிருந்து தொட்டிக்குத் திரும்பிப் போகும் குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால் காற்றுப் புகுந்து இழுவை அறுந்துவிடும், அவ்வளவுதான் சூட்சுமம்.

கரண்ட் என்றதும் எனக்கு 2013 டிசம்பர்தான் நினைவுக்கு வருகிறது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் இங்கே உறைமழை பெய்து, மரமெல்லாம் கண்ணாடி பூசினது மாதிரி ஆகி, கிளை முறிந்து கம்பிகள்மேல் விழுந்து, டொராண்டோவில் மட்டும் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போய்விட்டது. அப்போது என்னிடம் இருந்தது நாலடித் தொட்டி. ஹீட்டர் போனதுதான் ஆபத்து என்று நினைத்துப் போர்வையெல்லாம் சுற்றினேன். குளிருக்கு முன்னால் தீர்ந்தது ஆக்சிஜன். தண்ணீர் நகரவில்லை என்றால் சில மணி நேரத்தில் மூச்சு முட்டும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கிறேன், இரண்டு கோமாளி மீனும் மேல்மட்டத்தில் வாயை வைத்து இழுத்துக்கொண்டிருந்தன. ஒரு சொம்பை எடுத்து, தண்ணீரை மொண்டு மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினேன். விடிய விடிய ஊற்றினேன். மனைவி கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம். மூன்றாம் நாள் கரண்ட் வந்தபோது மீன் இரண்டும் இருந்தன. ஆறு வருஷம் வளர்த்த பவளம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சதை கரைந்து வெள்ளை எலும்பாக நின்றது. அந்த வாடை வீட்டைவிட்டுப் போக ஒரு வாரம் ஆனது.

இதனால்தான் சொல்கிறேன்: பெரிய தொட்டிக்கு முதல் செலவு பேட்டரி. ஒரு வேவ்மேக்கரை (தொட்டிக்குள் தண்ணீரை நகர்த்திக்கொண்டே இருக்கும் பம்பு) இரண்டு நாள் ஓட்டக்கூடிய பேட்டரியும், பின்னால் ஒரு சின்ன ஜெனரேட்டரும். ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியே மட்டும்தான் ஓட்ட வேண்டும், கராஜுக்குள் கூடாது, அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும். விளக்கையும் ஸ்கிம்மரையும் பிறகு நல்லதாக மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் காத்திருப்பு. இங்கேதான் பெரும்பாலான தொட்டிகள் சாகின்றன.

கல்லை வைத்து, தண்ணீர் நிரப்பி, பம்பைப் போட்டதும் தொட்டி பளிங்கு மாதிரி இருக்கும். அந்த அழகை நம்பக் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியாவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவும் கல்லில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அது முடிந்ததும் கடைக்காரர் "இனி மீன் விடலாம்" என்பார். ஒரு சின்ன மீன் விடலாம்தான். ஆனால் தொட்டி அப்போதுதான் பிறந்திருக்கிறது. அடுத்து மணலெல்லாம் பழுப்புத் தூள் படியும். பிறகு பச்சைத் தலைமுடி மாதிரி பாசி. பிறகு சிவப்பாகச் சவ்வு போல ஒன்று. ஆட்கள் பயந்துபோய் பாட்டில் பாட்டிலாக மருந்து ஊற்றுவது இந்தக் கட்டத்தில்தான். ஊற்றாதீர்கள். கையால் பிடுங்குங்கள், நத்தை விடுங்கள், தண்ணீர் மாற்றுங்கள். எனக்கு ஏழாவது மாதம் ஒரு நாள் காலையில், பம்புக்குக் கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஊதா நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தது. கோரலைன் பாசி. கல்லில் ஒட்டிச் சுண்ணாம்பாகப் படரும் பாசி. முட்டிபோட்டு உட்கார்ந்து வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பழகிவிட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எந்த டெஸ்ட் கிட்டும் தராது. கடினமான பவளங்களை நான் பதினொன்றாம் மாதம்தான் வைத்தேன்.

இதே அவசரம் எனக்கும் ஒரு தடவை வந்தது. கடையில் நன்றாக நீந்திய நீல டாங் மீன் ஒன்றைத் தனித்தொட்டியில் வைக்காமல் நேராக விட்டேன். பத்தே நாளில் உடம்பெல்லாம் உப்பு தூவியது போல வெள்ளைப் புள்ளி. அது ஒரு ஒட்டுண்ணி. ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் அது சாக வேண்டும் என்பதற்காக, பிழைத்த மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, இரண்டரை மாதம் பெரிய தொட்டியை மீன் இல்லாமல் ஓட்டினேன். நான்கு மீன் போய்விட்டது. புதிதாக வரும் எதையும் ஒரு மாதமாவது தனியே வைக்காமல் விடாதீர்கள்.

இனி எதை விடலாம் என்ற கேள்வி. என் பதில் கறாரானது: கடலிலிருந்து பிடித்ததை விடாதீர்கள். முன்பு அதற்கு வழியில்லை, இப்போது இருக்கிறது. கோமாளி மீன் பல பத்தாண்டுகளாகப் பொரிப்பகத்தில் வளர்கிறது. மஞ்சள் டாங்கை 2015-ல் ஹவாயிலும், நீல டாங்கை 2016-ல் ஃபுளோரிடாவிலும் முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். பங்காய் கார்டினல் மீன் உலகத்திலேயே இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைச் சுற்றித்தான் இயற்கையாக உண்டு. அலங்கார மீனாக அள்ளி அள்ளியே அது அழிவின் விளிம்புக்கு வந்தது. ஆனால் ஆண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்து வளர்க்கும் இந்த மீன் நம் வீட்டுத் தொட்டியிலேயே சுலபமாகக் குஞ்சு பொரிக்கும். பிறகு எதற்குக் கடலில் கை வைக்க வேண்டும்? பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு பீச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அந்த விஷம் மீனை மட்டும் தொடுவதில்லை, சுற்றியுள்ள பவளத்தையும் கொல்கிறது. வளர்ப்பு மீன் விலை கொஞ்சம் கூட இருக்கலாம். கொடுங்கள். தொட்டிக்கே அவ்வளவு செலவழிக்கிறோம்.

பவளமும் அப்படித்தான். ஒரு கிளையை வெட்டி வைத்தால் இன்னொரு பவளமாக வளரும். என் தொட்டியில் இருக்கும் அத்தனையும் இந்த ஊரிலேயே பிறர் வீட்டில் வெட்டித் தந்த துண்டுகள். கல்லும் சுரங்கத்திலிருந்து எடுத்த உலர்ந்த கல், கடலில் பெயர்த்தது இல்லை.

நான் தூத்துக்குடிக்காரன். போன கோடையில் அம்மா வந்திருந்தார். ஒரு நாள் ராத்திரி விளக்கு அணைந்த பிறகு டார்ச்சை வாங்கிப் பார்த்தார். பாலிப்புகள் (பவளத்தின் பூ மாதிரியான குட்டி உடல்கள்) எல்லாம் வெளியே வந்து, பவளம் முழுக்கப் பூனைமயிர் முளைத்தது மாதிரி அசைந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் பேசவில்லை. "ஏல, இது உசிரா?" என்றார். ஆமாம்மா என்றேன். "உசிரோட இருந்ததையா காளவாசல்ல போட்டு எரிச்சாவ?"

எங்கள் ஊரில் சுண்ணாம்புக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் மன்னார் வளைகுடாவிலிருந்து பவளத்தை வெட்டி எடுத்து வருவார்கள். 2005 வாக்கில்தான் அது ஓய்ந்தது. அங்கே இருபத்தோரு தீவுகள். அதில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் மூழ்கிவிட்டன. தடுப்பாக இருந்த பவளத்தை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். மிச்சம் இருந்ததும் 2010-லும் 2016-லும் வெளுத்தது. அதே ஊரில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தினர் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலுக்கடியில் நட்டு வளர்த்துவருகிறார்கள். நான் பேஸ்மெண்டில் வெட்டி ஒட்டும் அதே வேலை. அவர்கள் செய்வது ஒரு கடலுக்காக.

ஊரில் இருக்கும் நண்பர்கள் என்னிடம் பவளம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். வேண்டாம். இந்தியாவில் கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். செயற்கைக் கல் வைத்து, பொரிப்பகக் கோமாளி மீன் விடுங்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே அந்த மீன்களை வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அதுவும் அழகுதான்.

வீட்டில் ரீஃப் டேங்க் வைப்பதே தப்பு என்பவர்களும் இருக்கிறார்கள். கடலை உரித்து வைக்கும் தொட்டி என்றால் நானும் அவர்கள் பக்கம். ஆனால் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் நிலவொளியும் பருவ வெப்பமும் அப்படியே கொடுத்துப் பவளங்களைத் தொட்டிக்குள் முட்டையிட வைத்தார்கள். 2019-ல் ஃபுளோரிடா அக்வேரியத்தில் அழியும் நிலையிலிருந்த தூண் பவளமும் அதே முறையில் முட்டையிட்டது. தொட்டியில் பவளத்தைப் பிழைக்க வைக்கும் கைப்பழக்கம் இல்லாமல் இது எதுவும் நடந்திருக்காது. அந்தக் கைப்பழக்கம் வளர்ந்ததில் வீட்டில் தொட்டி வைத்தவர்களுக்கும் பங்கு உண்டு. 1961-லேயே இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் கடல் கல்லும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துப் பவளம் வளர்க்கும் வழியை எழுதி வைத்தார்.

தம்பி நேற்று ராத்திரி மறுபடி கூப்பிட்டார். தொட்டிக்கான இடத்தை பேஸ்மெண்டுக்கு மாற்றிவிட்டார், ஆர்ஓ ஓடத் தொடங்கிவிட்டதாம். பின்னணியில் சொட்டும் சத்தம் கேட்டது. என் பச்சை மாண்டிபோரா பவளத்தில் ஓர் ஓரத்தை வெட்டி, சின்னக் கல்லில் ஒட்டி, அவர் பெயரில் தனியே வைத்திருக்கிறேன். இப்போது ஒரு ரூபாய் நாணயம் அளவு. அடுத்த வருஷம் இதே மாதம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.