பாலிசி எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்?

அத்தான் இறந்தபோது அவருக்கு வயது 52. கோவில்பட்டியில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். இரவு சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பணம் அது. அத்தான் ஏதாவது பாலிசி போட்டிருந்தாரா என்று அக்காவிடம் கேட்டேன். "ஏதோ கட்டிக்கிட்டு இருந்தாருடா, எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல" என்றாள்.

எட்டு மாதம் கழித்து, தீபாவளிக்காக பீரோவை ஒழித்தபோது கல்யாணப் புடவைக்கு அடியில் அந்தப் பத்திரம் கிடைத்தது. திருமணத்துக்கு முன்பே எடுத்த பாலிசி. நாமினி என்ற இடத்தில் அத்தானுடைய அம்மாவின் பெயர் இருந்தது. அந்த அம்மா போய்ச் சேர்ந்தே பல வருடம் ஆகிவிட்டது. நாமினி உயிரோடு இல்லாததால் வாரிசுகள் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகளின் ஆவணங்கள் என்று அக்கா விஏஓவிடமும் தாலுகா ஆபீசுக்கும் நடந்தாள். அத்தான் உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு படிவத்தில் பெயரை மாற்றிக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. அந்த எட்டு மாதத்தில் கடையில் இருந்த சரக்கு பாதி விலைக்குப் போய்விட்டது.

இதை இப்போது எழுதக் காரணம், இந்த மாதம் மட்டும் என்னைச் சுற்றி மூன்று வீடுகளில் இதே கதையைக் கேட்டுவிட்டேன். பாலிசி இருக்கிறது, பணமும் ஒழுங்காகக் கட்டுகிறார்கள், ஆனால் வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். "எனக்கு ஏதாவது ஆயிட்டா" என்று பேச்செடுத்தாலே "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது" என்று வாயை அடைத்துவிடுகிறோம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் அக்கா பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தபின், அந்தப் பேச்சைத் தவிர்ப்பதுதான் குடும்பத்துக்குச் செய்யும் பெரிய கெடுதல் என்று நினைக்கிறேன்.

கடன் வாங்கித் தொழில் செய்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் என்று 1874ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவின் கீழ், மனைவி, பிள்ளைகளின் நன்மைக்காக என்று எழுதி ஒருவர் தன் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்தால், அந்தத் தொகை அவர்களுக்கான டிரஸ்ட், அதாவது அவர்களுக்கென்றே ஒதுக்கிய சொத்து ஆகிவிடும். கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்ப வேண்டும். கடை வைத்திருப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள், காண்ட்ராக்ட் எடுப்பவர்கள் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன், ஒருவருக்கும் இது தெரியவில்லை. கொடுமை.

சரி, இது உயிருக்கு. காருக்கு வருகிறேன்.

நாங்கள் இருப்பது வேளச்சேரி, தரைத்தளம். 2015 டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு நாள் கார் அதற்குள்ளேயே நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகினேன். ஒரு தரம் உறுமிவிட்டு 'டக்' என்று நின்றுவிட்டது. மெக்கானிக் கழற்றிப் பார்த்துச் சொன்னார்: ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அதனால் பிஸ்டன் மேலே வந்த வேகத்தில் கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். சீட், மேட், வயரிங் எல்லாவற்றுக்கும் எழுதினார். இன்ஜினுக்கு மட்டும் எழுதவில்லை. வெள்ளத்தால் வந்த சேதத்துக்கு பாலிசி உண்டு, வெள்ளத்துக்குப் பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குக் கிடையாது என்றார். பாலிசியை எடுத்துப் படித்தேன். அப்படித்தான் இருந்தது. இன்ஜின் செலவு முழுக்க என் கையிலிருந்து போனது.

அதன் பிறகு இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவரைச் சேர்த்துக்கொண்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி தண்ணீர் வந்தது. இந்த முறை சாவியையே தொடவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன், நான்கு பக்கமும் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தேன், இன்சூரன்ஸுக்குப் போன் செய்து டோ வண்டியில்தான் அனுப்பினேன். இன்ஜின் பிழைத்தது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதைச் சிலர் கேலி செய்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தவணையில் வாங்கிய வண்டியை ஒரு முறை வெள்ளத்தில் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும். மேம்பாலம் போக்குவரத்துக்கானது என்பது சரிதான். மழைக்காலத்தில் வண்டி நிறுத்த உயரமான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கித் தர வேண்டும் என்பது என் கோரிக்கை.

உங்கள் பேப்பரை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி மட்டும்தான் இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் மோதியவருக்குப் பணம் போகும், உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாயும் வராது. வண்டிச் சொந்தக்காரர் தானே ஓட்டும்போது விபத்தில் இறந்தால் 15 லட்ச ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு. பைக் வைத்திருப்பவர்களுக்கும் அது பொருந்தும். ஆனால் லைசென்ஸ் செல்லுபடியாக இருக்க வேண்டும். லைசென்ஸ் தேதி முடிந்துபோய்க் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

வீட்டுக்கு வருவோம். 2021 ஏப்ரல் முதல் வீடு, வண்டி போன்றவற்றுக்குக் காப்பீடு தரும் எல்லாப் பொதுக் காப்பீட்டு (ஜெனரல் இன்சூரன்ஸ்) நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கொடுக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் அதற்குள் வரும். நிலத்தின் விலை இதில் சேராது, மறுபடி கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. வேளச்சேரியில் வீட்டு விலையைக் கேட்டுப் பயந்து இந்தப் பக்கமே வராதவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், டிவி, இவைதானே தண்ணீர் வந்தால் முதலில் போவது? நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம், சமையலறை. வீட்டு கேஸ் இணைப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சிலிண்டர் விபத்துக்கான காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது, நாம் தனியாக எதுவும் கட்ட வேண்டாம். உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் வரை, காயத்துக்குச் சிகிச்சைச் செலவு ஒருவருக்கு 2 லட்சம் வரை என்று அதற்கு வரம்புகள் உண்டு. விபத்து நடந்தவுடன் போலீசுக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். டியூப், ரெகுலேட்டர், அடுப்பு எல்லாம் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளவையாக இருக்க வேண்டும். தெருமுனைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் டியூபை மாட்டிவிட்டு இதை எதிர்பார்க்க முடியாது. ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் மாற்றிய தேதியை மார்க்கரால் அடுப்பு மேடைக்குக் கீழே எழுதிவைத்திருக்கிறோம்.

சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையில் உள்பக்கம் ஏ, பி, சி, டி என ஆங்கில எழுத்து ஒன்றும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே டி வரை. எண், வருடம். அந்தத் தேதிக்குள் சிலிண்டரை மறுபரிசோதனை செய்ய வேண்டும். அது தாண்டிய சிலிண்டர் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், அது உங்கள் உரிமை. கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் சொல்லிக் கொடுங்கள். வாடை வரும் நேரத்தில் வீட்டில் அவர்கள் மட்டும் இருக்கலாம்.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். சுகர், பிரஷர், சிகரெட் எதையும் மறைக்காதீர்கள். ஏஜென்ட் நிரப்பிய படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குப் பணம் தராத ஆரம்பக் காலம், இப்போது அதிகபட்சம் மூன்று வருடம்தான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மறைத்தது தெரிந்து, ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் அன்று கிளெய்ம் மறுக்கப்பட்டால் எங்கே போவது? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்பவர்களிடம் அந்த அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம், வீட்டில் யாராவது தவறியிருந்தால் அவர்களுடைய பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் மாதப் பக்கங்களைப் பாருங்கள். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடாக இருக்கலாம். 436 ரூபாய் என்றால் ஆயுள் காப்பீடு. இரண்டிலுமே 2 லட்சம் ரூபாய். வங்கிக் கணக்கு திறந்தபோது கையெழுத்து வாங்கியிருப்பார்கள், எதற்கென்று அவர்களே மறந்திருப்பார்கள். அக்காவின் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு 20 ரூபாயைக் கண்டுபிடித்து, பைக் விபத்தில் கணவரை இழந்த பெண்ணுக்கு அந்தத் தொகையை வாங்கிக் கொடுத்தது அக்காதான். எல்லாப் படிவமும் இப்போது அவளுக்கு அத்துப்படி.

போன ஞாயிறு நானும் என் மனைவியும் மகளும் தரையில் உட்கார்ந்து எல்லாப் பேப்பரையும் விரித்தோம். ஒரு நாற்பது பக்க நோட்டில் பாலிசி எண், நாமினி, கட்டும் தேதி, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எழுதினோம். மூன்று மணி நேரம் ஆனது. பாதியில் என் மனைவி அழுதாள், பிறகு அவளே டீ போட்டு வந்து அடுத்த பேப்பரை எடுத்தாள். நோட்டு இப்போது பீரோவில் அரிசி அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போட்டோ எடுத்து அக்காவுக்கும் அனுப்பிவிட்டேன்.

வாரிசுச் சான்றிதழ், நாமினி மாற்றம் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். எனக்குத் தெரியாவிட்டால் அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்.