மூலப்பத்திரம் மலையாளத்தில் இருந்தால் நாங்கள் என்ன செய்ய?

பட்டா மாறுதலுக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் போதும், அலைய வேண்டாம் என்று ஒரு கட்டுரையில் படித்ததும் சிரிப்புதான் வந்தது. குமரி மாவட்டத்தில் எங்களுக்கு 12 சென்ட் ரப்பர் விளை, அதாவது தோட்டம். அதைத் தனியாகப் பிரித்துப் பட்டா மாற்ற உட்பிரிவு கேட்டேன், சர்வேயர் வந்து அளக்கவே ஆறு மாதம். அப்புறம், தாத்தா காலத்து மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது, தமிழில் கொண்டு வா என்றார்கள். முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த மண், வேறு எந்த மொழியில் இருக்கும்? காசு கொடுத்து மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரையோடு கொடுத்தேன். கடைசியில் நிராகரிப்பு. 'ஆவணங்கள் போதாது' என்று இரண்டே வார்த்தை. எந்த ஆவணம் என்று கேட்டால், "திரும்பப் பணம் கட்டிப் போடுங்க" என்கிறார் எழுத்தர், செல்போனிலிருந்து தலை நிமிராமல். சரி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். 30 நாளில் பதில் தர வேண்டும். இன்று 41ஆவது நாள்.