ஆர்பிஎம் முள் ஆடினால் கியர்பாக்ஸ் போச்சா?

"ஒரே வேகத்தில் போகும்போது ஆர்பிஎம் முள் ஏறி இறங்கினால் கியர்பாக்ஸ் முடிந்தது, உடனே மாற்றுங்கள்" என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஆர்பிஎம் முள் என்பது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் முள். அந்தச் செய்தி தவறு. இதை நம்பிப் பெரிய செலவில் இறங்கிவிடாதீர்கள்.

டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக் காரில், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பிணைக்கும் லாக்கப் கிளட்ச் என்று ஒன்று உண்டு. சீரான வேகத்தில் அது பிடித்துக்கொள்ளும்போது முள் சில நூறு இறங்கும். மேடு வந்தாலோ ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதித்தாலோ விடுபட்டு மறுபடி ஏறும். இது இயல்பு. சமதளத்தில், காலை அசைக்காமலே, அது திரும்பத் திரும்பப் பிடிப்பதும் விடுபடுவதுமாக இருந்தால்தான் கோளாறு. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது கியர் ஆயிலும் ஸ்கேனர் (காரின் கணினித் தரவைப் படிக்கும் கருவி) காட்டும் பிழைக் குறியீடும்தான். பி0741 என்ற குறியீடு வந்தால் சந்தேகம் அந்த லாக்கப் பக்கம். சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதம் தொடர்ச்சியாக மாறும் ஆட்டோமேட்டிக்) வண்டியில் முள் நகர்வது அதன் வடிவமைப்பிலேயே உள்ளது.

மேனுவல் காரில் கதை வேறு. கியரில் இருக்கும்போது எஞ்சினும் சக்கரமும் நேராகப் பிணைந்திருக்கின்றன. வேகம் கூடாமல் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். குறிப்பாக மேட்டில், டாப் கியரில் இது நன்றாகத் தெரியும். முள்ளோடு வண்டியும் சேர்ந்து குலுங்கினால் எரிபொருள், ஸ்பார்க் பிளக், காற்றுக் கசிவு, அழுக்கான த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) ஆகியவற்றைப் பாருங்கள். வண்டி துளியும் மாறாமல் முள் மட்டும் துடித்தால் சென்சாரோ வயரிங்கோ காரணமாக இருக்கலாம். எஞ்சின் உண்மையில் எவ்வளவு சுற்றுகிறது என்பதை ஸ்கேனரின் நேரடித் தரவில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் கியர்பாக்ஸைக் கழற்ற எந்த மெக்கானிக்குக்கும் சம்மதிக்காதீர்கள்.