உயிர்ப்பை நம்பினால் அழக்கூடாதா?

ஒரு தம்பி, உயிர்ப்பை (இயேசு சாவிலிருந்து எழுந்தார், நாமும் எழுவோம் என்பதை) நம்புகிறவர் செத்தவருக்காக அழுதால் அது விசுவாசக் குறைவு என்று எழுதி, அப்போஸ்தலர் பவுலையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். தம்பி, அந்த வசனத்தை முழுதாக வாசியுங்கள். 1 தெசலோனிக்கர் 4:13இல் பவுல் சொல்வது நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான், துக்கமே படாதீர்கள் என்றில்லை. செத்துப்போன தன் நண்பன் லாசரை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும், கல்லறைக்குப் போகிற வழியில் இயேசுவே அழுதார் (யோவான் 11:35). உயிர்த்த பிறகும் அவர் உடலில் காயங்கள் இருந்தன, சந்தேகப்பட்ட சீடன் தோமாவுக்குக் காட்டியதும் அவற்றைத்தான்.

2009இல் இலங்கைப் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், அதுவும் அங்கே செத்தவர்களை நினைவுகூரும் மே 18 நெருங்குகிற நேரத்தில், ஏன் இன்னும் அழுகிறீர்கள் என்று கேட்பதற்கு உயிர்ப்பைச் சாட்டாதீர்கள். வன்னியில் அந்த அம்மாமார்தான் அழுதுகொண்டே தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, அயலில் செத்தவீடு என்றால் முதல் ஆளாய் வந்து நிற்கிறார்கள். உயிர்ப்பு நாளாந்த வாழ்க்கையில் என்ன செய்யும் என்று கேட்டால் நான் அவர்களைத்தான் காட்டுவேன்.

மற்றது, உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) ஒரு ஞாயிற்றோடு முடிகிறதும் இல்லை, தூய ஆவி இறங்கியதைக் கொண்டாடும் பெந்தெகோஸ்து வரை 50 நாள். பல வருடங்களில் மே 18உம் அதற்குள்தான் வருகிறது.