என் மீட்டர், என் பில். இதில் ஓசி எங்கே இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் நடந்ததை இங்கே பலர் ஏற்கெனவே எழுதிவிட்டதால், யார் எழுந்து நின்று என்ன பேசினார்கள் என்பதை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. "ஓசிக் கரண்டில் கார் ஓட்டுகிறவர்கள்" என்று எங்களுக்குச் சூட்டப்பட்ட பட்டத்துக்கும், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் மாதம் 1,500 ரூபாய் கூடுதல் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும், செலுத்தாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற தீர்மானத்துக்கும் மட்டும் பதில் சொல்கிறேன்.

என் காருக்கு ஏறும் மின்சாரம் என் வீட்டு மீட்டரிலிருந்து வருகிறது. அடித்தளத்து மீட்டர் அறையில் என் வீட்டு எண் எழுதிய மீட்டரிலிருந்து புறப்படும் 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், குழாய்க்குள்ளாகவே ஓடி என் பார்க்கிங் தூணில் வந்து முடிகிறது. அங்கே மின்சாரம் அளவை மீறினால் தானே அணைந்துகொள்ளும் 32 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்சிசிபி, தனி எர்த் எல்லாம் இருக்கின்றன. கார் நிறுவனம் இலவசமாகப் பொருத்தித் தருவது குறிப்பிட்ட தூரம் வரைதான். என் தூண் எதிர்க்கோடியில் இருப்பதால் மிச்சக் கேபிளுக்கு நான்தான் பணம் கொடுத்தேன். 7.2 கிலோவாட் சார்ஜருக்காக அனுமதிக்கப்பட்ட லோடை உயர்த்தியதால், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கூடுதல் கிலோவாட் ஒவ்வொன்றுக்கும் பெங்களூரு மின்விநியோக நிறுவனமான பெஸ்காமுக்கு மாதாமாதம் நிலைக்கட்டணம் கட்டுகிறேன். போதாததற்கு, வீடுகளுக்குக் கர்நாடக அரசு இலவச மின்சாரம் தரும் கிருக ஜோதித் திட்டத்தில் 200 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முழு பில்லுக்கும் பணம் கட்ட வேண்டும் என்பதால், கார் வந்த மாதமே எங்கள் வீடு அந்தச் சலுகையிலிருந்து வெளியேறிவிட்டது. ஆக, பூஜ்ய பில் வாங்கும் வீட்டுக்காரர் எழுந்து நின்று, பில் கட்டுகிற என்னை ஓசி என்கிறார். கூட்டமும் கைதட்டுகிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு நெரிசலில் என் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 170 யூனிட். யூனிட் ஆறு ரூபாய்ச் சொச்சம் என்றால் ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இதே தூரத்துக்கு, லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் ஏழாயிரம் ரூபாயை விழுங்கும். வெளியில் வேகச் சார்ஜரில் போட்டால், ஜிஎஸ்டியும் சேர்ந்து யூனிட் இருபது ரூபாய் அளவில் வந்து, மூவாயிரத்தைத் தாண்டிவிடும். மின்சாரக் காரில் மிச்சம் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது காரோ பேட்டரியோ அல்ல, இரவில் அது நிற்கும் இடத்தில் நமக்கென்று ஒரு சாக்கெட் இருக்கிறதா என்பதுதான். சங்கம் கேட்கும் 1,500 ரூபாய், நான் காருக்கு ஏற்றும் ஒரு மாத மின்சாரத்தின் விலையைவிட அதிகம். இதற்குப் பெயர் பராமரிப்புக் கட்டணமாம்.

"தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்று கேட்பவர்களை நான் கேலி செய்யவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து ஒரு தந்தையும் மகளும் இறந்த செய்தியைப் படித்த இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. அதன் பிறகுதான் பேட்டரிச் சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஏஐஎஸ் எனும் இந்திய வாகனத் தரநிலைகளில் கார்களுக்கு ஏஐஎஸ் 038, இரு சக்கர வாகனங்களுக்கு ஏஐஎஸ் 156. பயம் நியாயமானது என்றால் மின் ஆய்வாளரை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், செலவை நானே ஏற்கிறேன். மாதம் 1,500 ரூபாய் கட்டினால் அணைந்துவிடும் தீ எந்த வகைத் தீ என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

"நிலக்கரியில் வரும் மின்சாரம்தானே" என்பவர்கள் ஒருமுறை கர்நாடகத்திலேயே வெயிலில் மின்சாரம் எடுக்கும் பாவகடா சூரியப் பூங்கா வரை போய்வரலாம். "விற்கும்போது விலை போகாது" என்கிறீர்களா, விற்கப்போவது நான், உங்களுக்கு என்ன கவலை? காப்பீடு கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி கிடைத்தாலும் காரின் கூடுதல் விலை அந்த மிச்சத்தை விழுங்கிவிடுகிறது. பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. அதற்குப் பிறகு மாற்ற நேர்ந்தால் லட்சங்களில் ஆகும் என்பதும் தெரிந்துதான் வாங்கினேன்.

வீட்டுச் சாக்கெட் இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்பது பொங்கலுக்குச் சேலம் போகும்போது தெரிந்துவிட்டது. கிருஷ்ணகிரி அருகே இருந்த சார்ஜரில் ஒரு கன், அதாவது காரில் செருகும் முனை, வேலை செய்யவில்லை. இன்னொன்றின் முன்னால் ஒரு டீசல் வண்டியை நிறுத்திவிட்டு அதன் சொந்தக்காரர் சாப்பிடப் போயிருந்தார். மாமியார் வெல்லமும் கரும்பும் மடியில் வைத்தபடி, "பெட்ரோல் பங்க்கில் இப்படி நிற்போமா, அம்மா?" என்று கேட்டார். நெடும்பயணத்தில் அது என்றைக்கோ ஒருநாள் தொல்லை. தொப்பூர் மலை இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கும்போது பேட்டரிக்குத் திரும்பி ஏறிய மின்சாரத்தை, வரும்போது அதே ஏற்றம் வட்டியோடு வசூலித்துக்கொள்வதையும் நாங்கள் பழகிக்கொண்டோம். ஆனால் தினமும் அலுவலகம் முடிந்து வந்து வெளிவட்டச் சாலையில் அந்த வரிசையில் நிற்கச் சொல்வது, காரை விற்றுவிடு என்று சொல்வதற்குச் சமம்.

வீட்டிலுள்ள இணைப்பைக் கொண்டே வாகனத்தைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியிலேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டுவிட்டது. தனி மீட்டர்தான் வேண்டும் என்றால் மின்வாகனச் சார்ஜிங்குக்குத் தனிக் கட்டண வகையே இருக்கிறது. இவற்றைக் கூட்டத்தில் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் தரப்படவில்லை. நான் ஒருநாளும் இறங்காத நீச்சல் குளத்தின் மோட்டாருக்கும், யாரும் திறந்து பார்க்காத உடற்பயிற்சிக் கூடத்தின் ஏசிக்கும் இத்தனை ஆண்டுகளாகப் பங்கு கட்டி வருகிறேன். அதை யாரும் ஓசி என்று சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம்; மூன்றாம் மாடித் தம்பி ஸ்கூட்டருக்கு ஒரு சாக்கெட் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதிலில்லை.

எனக்கு வலித்தது பணமல்ல. அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் எங்கள் தருமபுரிப் பக்கத்துக்காரர். போன தீபாவளி சமயத்தில் மருமகனுக்கு மின்சாரக் கார் வாங்கப் போகிறோம் என்று நோட்டும் பேனாவுமாக என் வீட்டுக்கு வந்து, யூனிட் எவ்வளவு, கேபிள் எவ்வளவு, டயர் எத்தனை நாள் வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர். என் பெஸ்காம் பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தவர். மருமகன் ஒயிட்ஃபீல்டில் இருக்கிறார், அவருடைய சங்கம் எதுவும் கேட்கவில்லையாம்.

1,500 ரூபாய் எந்தச் செலவுக்கு என்று எழுத்தில் தரும்வரை நான் கட்டப்போவதில்லை. பில்களைப் பார்க்க விரும்புபவர்கள் இங்கேயே கேளுங்கள், படமெடுத்துப் போடுகிறேன்; சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டால் "தொடர்பில்லாத பதிவுகளைத் தவிர்க்கவும்" என்று அழித்துவிடுகிறார்கள்.