சங்காயம் என்ற ஒற்றைக் கட்டம்

பாம்பனில் என் சித்தப்பா ஏலக் கணக்கு எழுதுகிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பிய முதல் காலையில் அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். இறால், நண்டு, கணவாய் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். விலைபோகாத பொடிசுகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே கட்டம்: சங்காயம். எதிரே மொத்த எடை. கோழித் தீவனத்துக்கு லாரி ஏறவிருந்த ஒரு கூடையைக் கையால் கிளறினேன். விரல் நீளச் சீலாக் குஞ்சுகள், உள்ளங்கை அகலத்தில் திருக்கைக் குட்டிகள்.

நூறு ஆண்டுக்கு முந்தைய இன்னொரு கணக்கு நினைவுக்கு வந்தது. இத்தாலிய உயிரியலாளர் உம்பெர்டோ டான்கோனா, ஏட்ரியாட்டிக் கடலோர மீன் சந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தார். ஃபியூமே துறைமுகத்தில் 1914-இல் பிடிபட்ட மீனில், பிற மீன்களைத் தின்னும் சுறா, திருக்கை வகை வேட்டை மீன்களின் பங்கு 11.9 சதவீதம். முதல் உலகப் போரில் மீன்பிடிப்பு குறைந்தது. 1918-இல் அந்தப் பங்கு 36.4 ஆனது. போர் முடிந்து வலைகள் மறுபடி இறங்கின, 1923-இல் 10.7. வலை ஓய்ந்தால் வேட்டை மீனின் பங்கு மட்டும் ஏன் கூட வேண்டும்?

கணித அறிஞர் வீட்டோ வோல்ட்டெரா 1926-இல் இரண்டே சமன்பாடுகளில் விடை சொன்னார். இரை பெருகினால் அதைத் தின்னும் மீன் பெருகும். தின்னும் மீன் பெருகினால் இரை குறையும். இரை குறைந்தால் தின்னும் மீன் பட்டினியில் மடியும், இரை மறுபடி தலைதூக்கும். வலை இரண்டையும்தான் அள்ளுகிறது. ஆனால் அளவோடு பிடிக்கும்வரை, சராசரியில் நட்டம் வேட்டை மீனுக்கு, ஆதாயம் இரை மீனுக்கு.

“கடலைக் காகிதத்தில் அடக்கிவிட முடியுமா தம்பி?” என்றார் சித்தப்பா. முடியாதுதான். அந்தச் சமன்பாட்டில் கடற்புல் இல்லை, வாடைக்காற்று இல்லை, 2010-இலும் 2016-இலும் வெப்பத்தில் வெளுத்துப்போன நம் மன்னார் வளைகுடாப் பவளப்பார்கள் இல்லை. ஆனாலும் எதைக் கேட்க வேண்டும் என்று அது சொல்லித்தருகிறது. நம் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஏட்ரியாட்டிக்கில் வலை ஓய்ந்தது ஆண்டுக்கணக்கில். சீக்கிரம் வளரும் இறாலுக்கு இரண்டு மாதம் பெரிய அவகாசம். பருவத்துக்கு வரவே பல ஆண்டு பிடிக்கும், சில குட்டிகளே ஈனும் சுறாவுக்கு அது எம்மாத்திரம்? தடையை நீட்டு, குறை என்று ஆண்டுதோறும் சண்டை போடுகிறோம். எந்த மீனுக்கு எத்தனை நாள் என்று கேட்பதே இல்லை. 61 நாள் காத்துப் பிழைத்த குஞ்சுகளை 62-ஆம் நாள் சங்காயமாக வாரிக் கொட்டினால் யாருக்காகக் காத்திருந்தோம்?

டான்கோனாவின் கையில் இனவாரிக் கணக்கு இருந்ததால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது. ஆராய்ச்சியாளர்கள் நம் கரைக்கு வந்து மாதிரி எடுக்கிறார்கள். அது மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. தினந்தோறும் மீன் கைமாறும் இடத்தில் நிற்பவர்கள் நாம்தான். தொண்டி, கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் கரைகளில் கணக்கு எழுதும் உறவுகளே, சங்காயக் கட்டத்தைப் பிரியுங்கள். நாளுக்கு ஒரு கூடை போதும். அதில் திருக்கைக் குட்டி எத்தனை, சுறாக் குட்டி எத்தனை, சீலாக் குஞ்சு எத்தனை என்று எண்ணித் தேதியோடு எழுதுங்கள். எந்தப் பக்கத்துக் கடலில், எந்த வலையில் பிடித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.