எதிர்பார்த்திருக்கும் முடிவு

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பன்னிரண்டு நாளும் காலை ஆறு மணிக்குச் சித்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பைபிள் வசனம் வந்துவிடும். பூப்படத்தின் மேல் எழுதிய வசனம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ வந்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. நான் எதிர்பார்க்கிற முடிவு என்னவென்று எனக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். அப்புறம் என்ன, பிடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் அப்பா போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர், "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோட ஜெபிச்சிருந்தா..." என்று இழுத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த அரை வாக்கியம் என்னை ஒரு வருஷம் தூங்கவிடவில்லை. வேதத்தை மூடி வைத்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். திறப்பேன், அந்தப் பக்கத்துக்கு மட்டும் போகமாட்டேன்.

ஒருநாள் போனேன். இந்தத் தடவை 28-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கினேன். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. பாபிலோன் ராஜா எருசலேமிலிருந்து கொள்ளையடித்துக் கொண்டுபோனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பிவிடும், சிறைப்பட்டுப் போனவர்களும் வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறான். கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் ஆசை இருக்காதா? ஆனால் அனனியா சொன்னது பொய். அடுத்த அதிகாரத்தில் எரேமியா பாபிலோனிலிருக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: எழுபது வருஷம் ஆகும். அதுவரை வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள்.

இந்தக் கடிதத்தின் நடுவில்தான் 11-ஆம் வசனம் இருக்கிறது. எழுபது வருஷம் என்று சொல்லும் 10-ஆம் வசனத்துக்கு அடுத்த வரி.

அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட ஒரு நாற்பது வயதுக்காரனை நினைத்துப் பார்த்தேன். ஊர் திரும்பும் நாளில் அவனுக்கு நூற்றுப்பத்து. அதாவது அவன் திரும்பப் போவதில்லை. "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வாக்கு அவனுக்கும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது. அவன் காணப்போகிற நிறைவேறுதல், பகைவன் ஊரில் அவன் நட்ட ஒரு மரத்தில் காய் பிடிப்பது வரைக்கும்தான்.

இன்னொன்று. "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிற இடத்தில் எபிரெயத்தில் இரண்டு சொற்கள்: அஹரீத், திக்வா. பிற்காலம், நம்பிக்கை. பிற்காலத்தையும் நம்பிக்கையையும் கொடுக்கிறேன் என்கிறார். நான் மனதில் குறித்துவைத்திருக்கிற முடிவை அப்படியே கொடுக்கிறேன் என்று அங்கே இல்லை. ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நாள் ஆண்டவரோடு பேரம் பேசியிருக்கிறேன்! மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. முழுக் கடிதத்தையும் வாசித்திருந்தால் தமிழிலேயே விளங்கியிருக்கும்.

வேதத்தைச் சார்ந்து வாழ்கிறோம் என்று நாம் சொல்வது பல நேரம் ஒரு வசனத்தைச் சார்ந்து வாழ்வதுதான் என்று எனக்குப் படுகிறது. அதுவும் நமக்குப் பிடித்த வசனம். வசன எண்கள்கூட எழுதினவர்கள் போட்டவை அல்ல. புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள எண்கள் 1551-இல் ஓர் அச்சகர் போட்டவை. எண் வந்த பிறகு வெட்டி எடுப்பது சுலபமாகிவிட்டது. வெட்டி எடுக்கத் தெரிந்தவன் பிசாசும்தான்: ஆலயத்து உப்பரிகையில் இயேசுவைச் சோதிக்க அவன் நீட்டியது 91-ஆம் சங்கீதம். வசனத்தில் ஒரு தப்பும் இல்லை. இயேசு அதற்கு உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தை எடுத்து, "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்கிறார். வேதத்தை வேதத்தோடு சேர்த்து வாசிக்க அவரே காட்டிய வழி அது.

சரி, விசுவாசக் குறைச்சல்? அந்த அரை வாக்கியத்துக்கும் வேதத்திலேயே பதில் கிடைத்தது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்தின தகப்பனின் பிள்ளை சுகமானான். அதே நேரம் அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் வேண்டியும், முள் என்று அவர் சொன்ன அந்த உபாதை நீங்கவில்லை. உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடே விட்டுவந்தேன் என்று அவரே எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர், தேவன் "விடுவிக்காமற்போனாலும்" வணங்கமாட்டோம் என்றார்களே, என் விசுவாசத்தில் அந்த ஒரு சொல்லுக்கு இடமே இருந்ததில்லை.

88-ஆம் சங்கீதத்தை யாரும் பூப்படத்தில் போட்டு அனுப்புவதில்லை. புலம்பலாகவே தொடங்கிப் புலம்பலாகவே முடிகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அப்பா போன பிறகு எனக்கு வாயில் வந்த ஒரே ஜெபம் அதுதான். அப்படி ஜெபிப்பதற்கும் வேதமே சொல் கொடுத்திருக்கிறது என்பது, அன்று எனக்கு எந்த வாக்குத்தத்தத்தையும்விடப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சித்தி இன்றும் காலை ஆறு மணிக்கு அனுப்புகிறார். போன வாரம் வந்தது பிலிப்பியர் 4:13, "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு". "சித்தி, 12-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிச்சுப் பாருங்க" என்று போட்டேன். பத்து நிமிஷம் பதில் இல்லை. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். அப்புறம் வந்தது: "பட்டினியாயிருக்கவும்னு போட்டிருக்கே. இத்தனை வருஷம் என் கண்ணுல படவே இல்லையேப்பா."